நிற்காமல் போனது யார் வீட்டுப் பிள்ளை?

"அம்மா, பசிக்குது, தட்டு போடு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தான் என் சின்னவன். பிளஸ் டூ படிக்கிறான். டியூஷன் முடிந்து வந்தால் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தி ஒரு ஹாரன் அடித்துவிட்டுத்தான் இறங்குவான். அன்றைக்குச் சத்தமே இல்லை. வண்டியைப் பக்கத்துச் சந்தில் கொண்டுபோய்ச் சொருகியிருந்தான். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்த அவசரத்தில் கவனிக்கவில்லை.

மூன்றாவது தோசைக்குத் தானாகவே சொன்னான். ரயில்வே கேட் தாண்டி வளைவில் போலீஸ் செக்கிங்காம்.

"எனக்கு ஹெல்மெட்டும் இல்ல, லைசென்ஸும் இல்ல. நிறுத்துன்னு கையைக் காட்டினாங்க. குனிஞ்சு ஒரே முறுக்கு! பின்னாடி விசில் ஊதுறாங்க... யாரு நின்னா!"

அவன் அக்கா கைதட்டிச் சிரித்தாள். என் வீட்டுக்காரர், "ஆயிரம் ரூபாய் மிச்சம்டா" என்றார். நானும்தான் சிரித்தேன், மறைப்பானேன்? அடுத்த தோசைக்கு நெய் வேறு விட்டுக் கொடுத்தேன்.

அது வெள்ளிக்கிழமை. ஞாயிறு காலை, முருங்கைக்கீரை நிறைய இருக்கிறதே என்று ஒரு கிண்ணத்தில் ஆய்ந்து எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன். அங்கே குடியிருப்பவர் போலீஸில் ஏட்டு. தெருவில் எல்லாருக்கும் அவர் 'ஏட்டய்யா'தான். போனால், மனிதர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வலது கையில் விரல் நுனி மட்டும் தெரிய, முழங்கை வரை மாவுக்கட்டு. இடது கையால் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது?" என்று பதறிப்போய் அவர் மனைவியைக் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை ராத்திரி செக்கிங் டூட்டிக்கா. எவனோ ஒருத்தன் நிக்காம வந்து இடிச்சுத் தள்ளிட்டுப் போயிட்டான்."

வெள்ளிக்கிழமை ராத்திரி! எனக்கு வயிற்றில் என்னவோ புரண்டது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "எந்த இடத்துல?" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"பைபாஸ்ல, பெட்ரோல் பங்க் எதிர்ல. மோட்டார் சைக்கிள்ல ரெண்டு பேர்."

ரயில்வே கேட் ஊருக்குக் கிழக்கே. பைபாஸ் மேற்கே. என் பிள்ளை போனது ஸ்கூட்டரில், தனியாக. அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட மறு நிமிஷமே அந்த மூச்சுக்காக வெட்கமாக இருந்தது. எதிரில் ஒரு மனுஷன் கை ஒடிந்து உட்கார்ந்திருக்கிறார், எனக்கு நிம்மதியாம்!

ஏட்டய்யா அதிகம் பேசாதவர். அன்று லீவு, கூடவே கை வலி. நான் ஏதோ கேட்கப்போக, மனசு விட்டுப் பேசினார்.

"நிக்கப்போற வண்டி தூரத்துலயே தெரிஞ்சிடும்மா. வேகம் குறையும், இடது பக்கம் ஒதுங்கும். நிக்காத வண்டியைத்தான் கண்டுபிடிக்க முடியாது. அவனும் வேகத்தைக் குறைக்கிற மாதிரியே வருவான். கிட்ட வந்ததும் முறுக்குவான். ராத்திரியில ஹெட்லைட் நம்ம கண்ணுல அடிக்குது பாருங்க, வண்டி எவ்வளவு வேகமா வருதுன்னே கணக்குத் தெரியாது. இரும்புத் தடுப்புக்கு நடுவுல சந்து எங்க இருக்குன்னுதான் அவன் பார்ப்பான். அந்தச் சந்துலதான் நாங்க நிப்போம்."

அவர் செய்த தப்பையும் மறைக்காமல் சொன்னார். வண்டிக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது, ஓடுகிற வண்டியின் ஹாண்டில்பாரையோ சாவியையோ எட்டிப் பிடிக்கக் கூடாது என்றுதான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களாம். நம்பரைக் குறித்துக்கொண்டு வயர்லெஸ்ஸில் அடுத்த இடத்துக்குச் சொல்ல வேண்டும். "தெரியும்மா. இருபது வருஷமாத் தெரியும். ஆனா அந்த நேரத்துல கை தானா நீண்டுடுது. அவனை விட்டுட்டா பின்னாடி ஒரு கொலைகாரன் தப்பிச்சிருப்பானோ, எவனாவது சங்கிலி அறுத்துட்டுப் போறானோன்னு ஒரு நெனப்பு. போறது அநேகமா ஹெல்மெட் போடாத காலேஜ் பையனாத்தான் இருக்கும். அது எங்களுக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கடைசி வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஓடுகிறவனுக்கு, தான் எதற்காக ஓடுகிறோம் என்று தெரியும். நிறுத்துகிறவருக்கு ஒன்றும் தெரியாது.

அவர் மனைவி சமையலறையில் என்னிடம் தனியாகச் சொன்னாள்: "நைட் டூட்டின்னா கேட்டுக்கிட்ட பைக் சத்தம் கேக்குற வரைக்கும் எனக்குக் கண்ணு மூடாதுக்கா. போன் அடிச்சா எடுக்கவும் பயம், எடுக்காம இருக்கவும் பயம்." வெள்ளிக்கிழமை போன் வந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். அங்கே அவள் முதலில் செய்த காரியம், கை வீங்குவதற்குள் சோப்புத் தண்ணீர் போட்டுக் கணவரின் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றியதுதான். புத்திசாலிப் பெண்! கையிலோ மணிக்கட்டிலோ அடிபட்டால் மோதிரம், வளையல், கடிகாரம் எல்லாவற்றையும் உடனே கழற்றிவிட வேண்டும். வீக்கம் ஏறிவிட்டால் அதுவே விரலை இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

மத்தியானம் மகளை உட்காரவைத்துப் பழைய செய்திகளைத் தேடச் சொன்னேன். படிக்கப் படிக்க நெஞ்சு கனத்துப்போயிற்று.

2012-ம் வருஷம் மார்ச் 8-ம் தேதி. நாமெல்லாம் மகளிர் தினம் கொண்டாடிக்கொண்டிருந்தோம். வடக்கே ஹோலிப் பண்டிகை. மத்தியப் பிரதேசம் மொரேனா மாவட்டத்தில் நரேந்திர குமார் என்ற இளம் ஐ.பி.எஸ். அதிகாரி, திருட்டுத்தனமாக வெட்டிய கல்லை ஏற்றி வந்த டிராக்டரை நிறுத்தப் போனார். டிராக்டர் நிற்கவில்லை. அவர் மேலேயே ஏறிப் போயிற்று. அவர் மனைவி ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி, அப்போது அந்தப் பெண் கர்ப்பிணி. பிரசவ லீவில் இருந்தவளுக்கு இந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சொன்னவர் யாரோ, எப்படிச் சொன்னாரோ?

பத்து வருஷம் கழித்து அதே கதைதான். 2022 ஜூலை 19-ம் தேதி ஹரியானா மாநிலம் நூஹ் மாவட்டத்தில் டி.எஸ்.பி. சுரேந்தர் சிங், கல் ஏற்றி வந்த டிப்பர் லாரியை நிறுத்தக் கை காட்டினார். லாரி அவர்மேல் ஏறியது. சில மாதங்களில் ரிட்டயர் ஆக வேண்டியவர். ரிட்டயர் ஆனதும் எங்கே போகலாம், என்ன செய்யலாம் என்று அந்த வீட்டிலும் திட்டம் போட்டிருப்பார்கள் அல்லவா?

வடக்கே மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 2021 பிப்ரவரி முதல் தேதி நடுநிசிக்குப் பிறகு, தூத்துக்குடி மாவட்டம் ஏரலில், குடித்துவிட்டுத் தகராறு செய்த ஒருவனைக் கண்டித்த சப்-இன்ஸ்பெக்டர் பாலுவை அவனே லோடு ஆட்டோவால் மோதிக் கொன்றான். அதே வருஷம் நவம்பர் 21-ம் தேதி விடியற்காலை, திருச்சி நவல்பட்டு ஸ்டேஷன் சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் பூமிநாதன், ஆடுகளோடு வண்டியில் போனவர்களை நிறுத்தச் சொன்னார். நிற்கவில்லை. தன் பைக்கிலேயே துரத்திக்கொண்டு புதுக்கோட்டை மாவட்ட எல்லைக்குள் போய், ரயில்வே சுரங்கப்பாதை ஒன்றின் அருகே பிடித்தும்விட்டார். பிடித்த இடத்திலேயே அவரை வெட்டிப் போட்டார்கள். இந்த வழக்கில் கைதானவர்களில் பதினெட்டு வயது ஆகாதவர்களும் உண்டு. அந்தக் குடும்பத்துக்கு அரசு 1 கோடி ரூபாய் அறிவித்தது. அதற்கு மறுநாளே கரூரில் வாகனச் சோதனையில் நின்ற மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவர் வேன் மோதி இறந்தார். அடுத்தடுத்து இரண்டே நாளில் இரண்டு வீடு.

இதையெல்லாம் வாசித்துக் காட்டியதும் என் வீட்டுக்காரர், "அதெல்லாம் மணல் கடத்தல், கல் கடத்தல். நம்ம பையன் பண்ணதும் அதுவும் ஒண்ணா?" என்றார். ஒன்றில்லைதான். ஆனால் இரும்புக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? மகளிடம் ஒரு கணக்குப் போடச் சொன்னேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். எனக்குப் புரிகிற மாதிரி சொல்வதானால், இரண்டு ஒன்பது கஜப் புடவையை ஒன்றன்பின் ஒன்றாக நீளவாக்கில் விரித்தால் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரத்தை வண்டி ஒரே விநாடியில் கடந்துவிடுகிறது. எதிரே ஆள் நிற்பதைப் பார்த்து, மூளைக்கு எட்டி, கை பிரேக்குக்குப் போகவே ஒரு விநாடிக்கு மேல் ஆகிவிடும். பிரேக் பிடித்த பிறகு வண்டி இன்னும் உருண்டு போய்த்தான் நிற்கும். மழை ரோடு என்றால் கேட்கவே வேண்டாம். நிறுத்தலாமா ஓடலாமா என்று ஒரு பிள்ளை ஒரு விநாடி யோசித்தாலே போதும், அவனே விரும்பினாலும் பிறகு நிறுத்த முடியாது. நெற்றி வகிட்டுக்குக் குறுக்கே போகிற மாதிரி, தடுப்புகளை நேர்க்கோட்டில் வைக்காமல் ஒன்றை இடது பக்கமும் அடுத்ததைத் தள்ளி வலது பக்கமும் வைக்கிறார்களே, அது வண்டிகள் வளைந்து போவதற்காக. வளைந்தால் வேகம் குறையும். நான் இத்தனை நாள் அதைப் போலீஸ்காரர்களின் அலட்சியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

அமெரிக்காவில் ஓடும் வண்டியின் டயரைக் காற்றிறக்க ரோட்டின் குறுக்கே ஆணிப்பட்டை வீசுகிறார்கள் என்று படித்தேன். நல்ல யோசனைதான் என்று தோன்றியது. அதை வீசப் போனவர்களையே வண்டி மோதிக் கொன்றிருக்கிறது என்று அடுத்த வரியில் போட்டிருந்தது.

போலீஸ் பக்கமே பேசுகிறாள் என்று எண்ண வேண்டாம். 2018 மார்ச்சில் திருச்சி திருவெறும்பூர் அருகே நடந்ததை எந்தப் பெண்ணும் மறந்திருக்க மாட்டாள். ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன தம்பதியை ஓர் இன்ஸ்பெக்டர் துரத்திப்போய் வண்டியை உதைத்ததாகப் புகார். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி விழுந்து இறந்தாள். இன்ஸ்பெக்டர் கைதானார். ஒரு ஹெல்மெட்டுக்காக ஓர் உயிரா என்று அன்றைக்கு நானும் கொதித்தேன், இப்போதும் கொதிப்பேன். இதை ஏட்டய்யாவிடமே கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதாம்மா. துரத்தவே கூடாது. நம்பர் இருந்தா வீட்டுக்கே சலான் வந்துடும்" என்றார். துரத்தினால் ஓடுகிறவன் இன்னும் வேகமாகத்தான் ஓடுவான். வழியில் பள்ளிக்கூடப் பிள்ளை எதிரே வந்தால் என்ன ஆகும்?

மாவுக்கட்டைப் பார்த்ததும் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. 2020 ஏப்ரல் 12, ஊரடங்கு நேரம். பஞ்சாபில் பாட்டியாலா காய்கறிச் சந்தை வாசலில் ஒரு வண்டியை நிறுத்தி பாஸ் கேட்டார்கள். வண்டி தடுப்பை இடித்துத் தள்ளியது. அதில் வந்தவர்கள் வாளோடு இறங்கினார்கள். ஹர்ஜீத் சிங் என்ற உதவி சப்-இன்ஸ்பெக்டரின் கை மணிக்கட்டோடு துண்டாகிப் போயிற்று. சண்டிகர் பி.ஜி.ஐ. ஆஸ்பத்திரி டாக்டர்கள் ஏழரை மணி நேரம் ஆபரேஷன் செய்து அந்தக் கையைத் திரும்பப் பொருத்தினார்கள். துண்டான கையை உடனே எடுத்துக்கொண்டு போனதால்தான் அது முடிந்தது.

சகோதரிகளே, இது வீட்டுக்கும் தெரிய வேண்டிய விஷயம். கரும்பு மெஷின், கிரைண்டர், கதவிடுக்கு என்று விரல் துண்டாகும் விபத்து நம் வீடுகளிலும் நடக்கிறது. காயத்தைச் சுத்தமான துணியால் நன்றாக அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைக்க வேண்டும். துண்டான பாகத்தில் மண் இருந்தால் சுத்தமான தண்ணீரில் லேசாக அலசலாம், தேய்க்கக் கூடாது. ஈரத் துணியில் சுற்றி, ஓட்டையில்லாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஐஸ் நேராகப் படவே கூடாது, பட்டால் சதை கருகிவிடும். மஞ்சள், காப்பித்தூள் எதுவும் அதன் மேல் வேண்டாம். 108-க்கு போன் செய்துவிட்டு, நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். மணிக்கணக்கில் தாமதித்தால் பொருத்துவது கஷ்டம்.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அந்த ஸ்கூட்டர் என் பேரில் இருக்கிறது. வங்கிக்கும் காய்கறிக்கும் போய்வர வாங்கியது. 'பதினாறு வயசானா கியர் இல்லாத வண்டி ஓட்டலாம்' என்று யாரோ சொன்னதை நம்பித்தான் சாவியைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சட்டத்தில் அப்படி ஒன்று இருப்பது வாஸ்தவம்தான், ஆனால் அது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு. நாம் வாங்குகிற ஸ்கூட்டரெல்லாம் 100-க்கு மேல்! போதாததற்கு, அந்தப் பதினாறு வயதுக்காரனுக்கும் லைசென்ஸ் வேண்டும். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 199-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், தண்டனை பெற்றோருக்கோ வண்டிக்குச் சொந்தக்காரருக்கோ: 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை ஜெயில். வண்டிப் பதிவு ஒரு வருஷம் ரத்து. பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது. எங்களுக்குத் தெரியாமல் எடுத்துப் போனான் என்றால், அதை நாம்தான் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். நான் எதை நிரூபிப்பேன்? நெய் தோசை போட்டுக் கொடுத்ததையா?

என் மகளைப்போல லைசென்ஸ் வாங்கிய பிள்ளைகளும் சில சமயம் ஓடுகிறார்கள், ஆர்.சி. புத்தகத்தை வீட்டில் மறந்துவிட்டோமே என்ற பயத்தில். அதற்கு அவசியமே இல்லை. டிஜிலாக்கரில் ஏற்றி வைத்த லைசென்ஸையும் ஆர்.சி.யையும் போனிலேயே காட்டலாம், அது செல்லும். தூரத்தில் தடுப்பைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து, இடது பக்கம் ஒதுங்கி, இன்ஜினை அணைத்துவிட வேண்டும். ராத்திரி கார் என்றால் உள்விளக்கைப் போட்டுவிடச் சொல்கிறார் ஏட்டய்யா. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தாலே அவர்களுக்குப் பாதி பதற்றம் போய்விடுமாம்.

ஞாயிறு சாயங்காலம் சின்னவனைக் கையைப் பிடித்து எதிர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். "திட்டப்போறாரும்மா" என்று கதவருகே தயங்கினான். அவர் திட்டவில்லை. நான் நடந்ததைச் சொன்னதும் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "தம்பி, உன் கையெழுத்து நல்லா இருக்குமா?" என்று கேட்டார். வலது கை கட்டில் இருப்பதால் மெடிக்கல் லீவுக்கு விண்ணப்பம் எழுத ஆள் இல்லையாம். அவர் சொல்லச் சொல்ல இவன் எழுதினான். 'வாகனத் தணிக்கையின்போது நிற்காமல் வந்த இரு சக்கர வாகனம் மோதியதில்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. ஏட்டய்யா அவசரப்படுத்தவில்லை. ஏட்டய்யா மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அது ஆறும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, மீதியை எழுதி முடித்தான்.

ஸ்கூட்டர் சாவி இப்போது என் அரிசி டிரம்முக்குள். இவன் பஸ்ஸில் போகிறான், கூட்டம் கூட்டம் என்று முணுமுணுக்கிறான், போகட்டும். வீட்டுக்காரர் என்னிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் தனக்கும் மகளுக்கும் இரண்டு ஹெல்மெட் வாங்கி வந்து, ஒன்றும் சொல்லாமல் ஆணியில் மாட்டினார்.

ஏட்டய்யாவுக்குக் கட்டுப் பிரிக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதுவரை அந்த வீட்டுக்குக் குடிதண்ணீர்க் கேன் தூக்கி வைப்பது சின்னவன் வேலை.